நரம்பில் ஏற்றும் வைட்டமின் சி: புற்றுநோயாளிகளின் வீட்டார் கேட்கும் கேள்விகள்

கீமோ மருந்துகளைக் கலந்து தரும் மருந்தாளுநர் வேலையில் இருக்கிறேன். டாக்டரிடம் கேட்கத் தயங்கும் பல கேள்விகள் மருந்து வாங்கும் சன்னலுக்கு வந்து சேரும். அவற்றில் அடிக்கடி வருவது இது: "சார், வைட்டமின் சி டிரிப்ஸ் போட்டால் அம்மாவுக்குத் தெம்பு வருமாமே, போடலாமா?" வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இங்கே பொறுமையாக எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக முடிவெடுக்க வேண்டாம். உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

மாத்திரையில் இருப்பதும் அதே வைட்டமின் சிதானே? எதற்கு நரம்பில் ஏற்ற வேண்டும்?

பொருள் ஒன்றுதான். ஆனால் ரத்தத்தில் சேரும் அளவு முற்றிலும் வேறு. வாய்வழியாக எவ்வளவு கொடுத்தாலும் குடல் ஓரளவுக்கு மேல் உறிஞ்சாது. ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். மிச்சம் குடலில் தங்கி வயிற்றுப்போக்கில் போய் முடியும். 2004இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 3 கிராம் விழுங்கினாலும் ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 220 மைக்ரோமோலை (ரத்தத்தில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் அலகு) தாண்டாது. 50 கிராமை நரம்பில் ஏற்றினால் 13,400 வரை போகும் என்று கணித்தார்கள். ஏறக்குறைய 60 மடங்கு.

இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால்தான் மற்ற பதில்கள் புரியும். அந்த அளவில் அது சத்து இல்லை, மருந்து. மருந்தை எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் அதையும் பார்க்க வேண்டும்.

தினமும் நெல்லிக்காய் சாப்பிட்டால் இதே பலன் வருமா?

வராது. ஆரோக்கியமான ஆணுக்கு ஒரு நாளுக்கு 80 மில்லிகிராம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அதை ஒன்றிரண்டு நெல்லிக்காயோ ஒரு கொய்யாவோ கொடுத்துவிடும். டிரிப்ஸில் ஏற்றுவது 50,000 மில்லிகிராம், சில ஆய்வுகளில் அதற்கும் மேலே. வாய்ப்புண் இல்லாமல் சாப்பிட முடிந்தால் நெல்லிக்காய் நல்லது, கொடுங்கள். இரண்டையும் ஒப்பிட வேண்டாம்.

இதைச் சொன்னவர் நோபல் பரிசு வாங்கியவராமே?

ஆமாம், லைனஸ் பாலிங். 1954இல் வேதியியலுக்கும் 1962இல் அமைதிக்கும் என இரண்டு நோபல் பெற்றவர். ஆனால் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர் யூவன் கேமரன் என்ற ஸ்காட்லாந்து அறுவை சிகிச்சை மருத்துவர். அங்கே வேல் ஆஃப் லெவன் மருத்துவமனையில், இனி சிகிச்சை இல்லை என்று கைவிடப்பட்ட 100 பேருக்கு நாளுக்கு 10 கிராம் கொடுத்தார். முதல் சில நாட்கள் நரம்பு வழியாக, அப்புறம் வாய்வழியாக. பழைய பதிவேடுகளில் இருந்து எடுத்த 1,000 நோயாளிகளோடு ஒப்பிட்டு இருவரும் 1976இல் எழுதினார்கள். வைட்டமின் பெற்றவர்கள் சராசரியாக 210 நாளுக்கு மேல் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 50 நாள். உலகமே திரும்பிப் பார்த்தது.

குறை எங்கே இருந்தது என்றால் அந்த ஒப்பீட்டில்தான். யாருக்கு வைட்டமின், யாருக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. ஒரு நோயாளியைச் சற்று முன்னதாகவே "கைவிடப்பட்டவர்" என்று குறித்துக்கொண்டால், அந்த நாளில் இருந்து எண்ணும்போது அவர் அதிக நாள் வாழ்ந்ததாகத் தெரியும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் குலுக்கல் முறையில், மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டு இரண்டு ஆய்வுகள் செய்தது. 1979லும் 1985லும் முடிவுகள் வந்தன. இரண்டிலும் பலன் இல்லை. அதோடு கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் மேயோ கொடுத்தது வாய்வழியாக மட்டுமே. நரம்பு வழியாகக் கொடுத்தால் அளவு எவ்வளவு மாறும் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாத காலம் அது. மேலே சொன்ன 2004ஆம் ஆண்டுக் கணக்கு வந்த பிறகுதான் கேள்வி மறுபடி திறந்தது. இந்தப் பின்னணியால்தான் நான் இதை வெறும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடுவதில்லை. பதில் தேடும் விஞ்ஞானிகள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

பாலிங் 1994இல் தம் 93ஆம் வயதில் புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தார். இதைச் சொல்லிக்காட்டி வாதாடுவது சரியில்லை என்பது என் கருத்து. ஒருவருடைய மரணம் எதையும் நிரூபிக்காது. ஒருவருடைய நோபல் பரிசும் அப்படித்தான்.

ஒரு வைட்டமின் எப்படிப் புற்றணுவைக் கொல்லும்?

சாதாரண அளவில் வைட்டமின் சி செல்களை ஆக்சிஜன் சேதத்தில் இருந்து காக்கிறது. மிக அதிக அளவில் அது நேர் எதிராக நடந்துகொள்கிறது. திசுக்களுக்கு இடையே உள்ள நீரில் இரும்பு போன்ற உலோக அயனிகளோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. நல்ல செல்களிடம் அதை உடைக்கும் கேட்டலேஸ் என்ற நொதி போதிய அளவில் இருக்கும். பல புற்றணுக்களிடம் அது குறைவு, கட்டற்ற இரும்போ அதிகம். அதனால் அவை அதிகம் அடிபடுகின்றன. 2005இல் ஆய்வகச் செல்களில் இதைக் காட்டினார்கள்.

ஆய்வகத் தட்டில் புற்றணுவைக் கொல்லும் பொருட்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மனித உடம்பில் அதே வேலையைச் செய்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனால் அடுத்த கேள்விதான் முக்கியம்.

சரி, மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இதுவரை வந்ததில் பெரியது சீனாவில் நடந்தது. பரவிய பெருங்குடல் புற்றுநோய் உள்ள 442 பேர். எல்லாருக்கும் வழக்கமான கீமோ. குலுக்கலில் ஒரு பாதிப் பேருக்குக் கூடவே உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் வைட்டமின் சி, ஒவ்வொரு கீமோ சுற்றிலும் மூன்று நாள். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 90 கிராம். 2022இல் முடிவு வந்தது. நோய் முற்றாமல் இருந்த காலம் வைட்டமின் பெற்றவர்களுக்கு 8.6 மாதம், பெறாதவர்களுக்கு 8.3. வாழ்ந்த காலம் 20.7 மாதம், 19.7 மாதம். இந்த வித்தியாசத்தைப் பலன் என்று சொல்ல முடியாது. ராஸ் என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது நோய் அடங்கியிருந்த காலம் 7.8இல் இருந்து 9.2 மாதமாகக் கூடியிருந்தது. ஒரு ஆய்வுக்குள் ஒரு பகுதியை மட்டும் பிரித்துப் பார்த்துக் கிடைத்த முடிவு இது. தனி ஆய்வு செய்து உறுதிப்படுத்தும் வரை இதை ஒரு தடயம் என்றுதான் சொல்லலாம்.

அடுத்தது அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகம். பரவிய கணையப் புற்றுநோய் உள்ள 34 பேர். கீமோவோடு வாரம் மூன்று முறை 75 கிராம் பெற்றவர்கள் 16 மாதமும், கீமோ மட்டும் பெற்றவர்கள் 8.3 மாதமும் வாழ்ந்ததாக 2024இல் வெளியிட்டார்கள். கணையப் புற்றுநோயில் இது சின்ன விஷயம் இல்லை. படித்தபோது எனக்கும் மனம் துள்ளியது. ஆனால் 34 பேர் என்பது இரண்டு வார்டு அளவுதான். அத்தனை சிறிய கூட்டத்தில் சற்று உடல்வலு கூடிய நான்கைந்து பேர் ஒரே பக்கம் விழுந்துவிட்டாலே எண்கள் புரண்டுவிடும். நூற்றுக்கணக்கானவர்களிடம் திரும்பச் செய்து பார்த்து இதே முடிவு வந்தால், அப்போது இந்தப் பதிலை நானே மகிழ்ச்சியோடு மாற்றி எழுதுவேன்.

டென்மார்க்கில் முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள 23 பேருக்கு வாரம் ஒரு முறை, 60 கிராம் வரை வைட்டமின் சி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். புரோஸ்டேட் புற்றுநோயின் போக்கை ரத்தத்தில் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு யாருக்கும் பாதியாகக் குறையவில்லை. கீமோ இல்லாமல் இதை மட்டும் கொடுத்தால் போதும் என்பவர்களுக்கு இந்த முடிவைச் சொல்லுங்கள்.

கட்டி சுருங்காவிட்டால் பரவாயில்லை. சோர்வும் வலியும் குறைந்தாலே போதும். அதற்காவது உதவுமா?

இப்படிக் கேட்கும்போது பலருக்குக் குரல் இறங்கிவிடும். நியாயமான கேள்வி. குணமாக்குவது மட்டும் சிகிச்சை இல்லை.

நம்பிக்கை தரும் சில ஆய்வுகள் உண்டு. கொரியாவில் 2007இல் இறுதிக்கட்ட நோயாளிகள் 39 பேருக்கு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை 10 கிராம் ஏற்றி, ஒரு வாரம் வாய்வழியாகவும் கொடுத்தார்கள். சோர்வு, வலி, குமட்டல், பசியின்மை குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் சலைன் ஏற்றிய இன்னொரு குழு இல்லை. கையைப் பிடித்து ஊசி போட்டு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டாலே பாதிச் சோர்வு இறங்குவதை வார்டில் நித்தம் பார்க்கிறோம். உடம்பில் நீர் குறைந்தவருக்கு வெறும் சலைனே தெம்பு தரும். இவற்றில் எது வைட்டமினின் வேலை என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சினைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோ பெற்ற 25 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2014இல் வந்த முடிவில், வைட்டமின் சேர்த்துப் பெற்றவர்களுக்கு லேசான, நடுத்தரமான பக்க விளைவுகள் குறைவாக இருந்தன. இதுவும் சிறிய ஆய்வு. நோயாளிக்கும் டாக்டருக்கும் யார் எதைப் பெறுகிறார் என்று தெரிந்தே நடந்தது.

இதோடு சேர்த்து யோசிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாத நோயாளிகள் சிலருக்கு உண்மையிலேயே வைட்டமின் சி பற்றாக்குறை இருக்கும். இங்கிலாந்தில் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 50 பேரைச் சோதித்தபோது 30 சதவீதம் பேருக்கு அது இருந்தது. ஈறில் ரத்தம், ஆறாத புண், தாங்க முடியாத அசதி எல்லாம் அதனால் வரலாம். ஆனால் அதைச் சரிசெய்ய 50 கிராம் டிரிப்ஸ் தேவையில்லை. விழுங்க முடிந்தால் சில ரூபாய் மாத்திரையே போதும். அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, சரியாக அடக்காத வலி எனப் பல காரணங்கள் உண்டு. முதலில் அவற்றைப் பாருங்கள். வலி இருக்கிறது என்றால் வலித்தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் "கடைசி நாட்கள்" என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கீமோ நடக்கும்போதே அங்கே போகலாம்.

கீமோ நடக்கும்போது சேர்த்து ஏற்றலாமா?

மருந்தைப் பொறுத்தது. கண்டிப்பாகக் கூடாத ஒன்று உண்டு: மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்டிசோமிப். வைட்டமின் சி அந்த மருந்தோடு நேரடியாகப் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்யும் என்று ஆய்வகத்திலும் எலிகளிலும் காட்டியிருக்கிறார்கள். அந்த ஊசி பெறுபவர்கள் வைட்டமின் சி மாத்திரையைக்கூட டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

மற்றபடி, பெருங்குடல், கணைய ஆய்வுகளில் குறிப்பிட்ட கீமோ மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது பெரிய ஆபத்து வரவில்லை. அந்த மருந்துகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். எல்லாக் கீமோவுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சத்து ஊசிதானே, பக்க விளைவு என்ன வந்துவிடப் போகிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் குரலை உயர்த்துவேன்.

முதலாவது, ஜி-6-பி-டி குறைபாடு. சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் நிலை இது. ஆண்களிடம் அதிகம். பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது, சாதாரண வாழ்க்கையில் எந்தத் தொந்தரவும் இருக்காது. அவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் சி ஏற்றினால் சிவப்பணுக்கள் கொத்துக் கொத்தாக உடையும். சிறுநீர் கறுத்து, மஞ்சள் காமாலை வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு ஒரு எளிய ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதைச் செய்யாமல் ஏற்ற முன்வரும் இடத்தில் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, சிறுநீரகம். வைட்டமின் சி உடைந்து ஆக்சலேட்டாக மாறுகிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது படிகமாகப் படிந்து, சிறுநீரகம் செயலிழந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சிறுநீரகக் கல் வந்தவர்களும் கவனமாக இருக்க வேண்டும். சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் ஏற்கெனவே சிறுநீரகத்தைச் சோதிப்பவை என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, உப்பு. ஊசி மருந்து சோடியம் கலந்த வடிவில் இருக்கும். 75 கிராம் ஏற்றினால் அதோடு ஏறக்குறைய இரண்டரை லிட்டர் சலைனில் உள்ள சோடியமும் உடம்புக்குள் போகும் என்பது என் கணக்கு. இதயம் பலவீனமானவர்களுக்கும், கால், வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இது மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். உடம்பில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது.

புற்றுநோய் இல்லாத வேறு ஒரு உதாரணமும் உண்டு. ரத்தத்தில் கிருமி பரவித் தீவிர சிகிச்சையில் இருந்த 872 பேரிடம் நரம்பு வழி வைட்டமின் சியைச் சோதித்தார்கள். நல்லதே நடக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவில், மரணமோ நீடித்த உறுப்புச் செயலிழப்போ வைட்டமின் பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5 சதவீதம். "உதவாவிட்டாலும் கெடுதல் இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த எண்கள்தான் நினைவுக்கு வரும்.

அப்பாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் நிதானமாகப் படியுங்கள். விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் மிஷின்கள் பலவற்றுக்கு வைட்டமின் சியும் குளுக்கோஸும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் ஏற்றி முடித்ததும் பார்த்தால் அது 400, 500 என்று பொய்யாகக் காட்டலாம். உண்மையில் சர்க்கரை 120தான் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பதறி வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி நோயாளி மயங்கிவிடுவார். மறுபடி மிஷினில் பார்த்தால் அது அப்போதும் அதிகம் என்றே காட்டும்! உயிர் போகக்கூடிய தவறு இது.

அதிக அளவு வைட்டமின் சி ஏற்றிய நாளில் மிஷினை நம்ப வேண்டாம். கையில் ரத்தம் எடுத்து லேபில் பார்க்கச் சொல்லுங்கள், ஏற்றியதை அவர்களிடமும் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமானவருக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிக நேரம் நீடிக்கும்.

"ஹை டோஸ்" என்று சொல்லி ஏற்றுகிறார்கள். அது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆம்பூலை, அதாவது ஊசி மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியை, எண்ணுங்கள். ஒரு ஆம்பூலில் 500 மில்லிகிராம் என்றால் 50 கிராமுக்கு 100 ஆம்பூல் உடைக்க வேண்டும். மூன்று ஆம்பூலைச் சலைனில் கலந்து ஏற்றிவிட்டு ஹை டோஸ் என்று பில் போட்டால், நீங்கள் கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது மூன்று மாத்திரையின் வைட்டமின். முகம் வெளுக்க என்று அழகு நிலையங்களில் ஏற்றும் டிரிப்ஸும் பெரும்பாலும் இந்த வகைதான். உண்மையான அதிக அளவு என்றால் ஒன்றரை முதல் மூன்று மணி நேரம் மெதுவாக ஏற்றுவார்கள், குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள்.

புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வது நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி ஒரு பலகையைப் பார்த்தாலே உஷாராகிவிடுங்கள்.

கீமோ வேதனை தாங்கவில்லை. அதை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்தால்?

தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று முறைகளுக்கு மட்டும் போன 281 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு என்று 2018இல் எழுதினார்கள். என் நெருங்கிய உறவில் ஒருவருக்கு மார்பில் சின்னக் கட்டி இருந்தபோது ஐந்து மாதம் இப்படி டிரிப்ஸிலேயே போனது. திரும்பி வந்தபோது எலும்பில் பரவியிருந்தது. அந்த ஐந்து மாதத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

கீமோ தாங்கவில்லை என்றால் அதையே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம், வாந்திக்கு இன்னும் நல்ல மருந்து தரலாம், மருந்தையே மாற்றலாம்.

டாக்டரிடம் சொல்லாமல் அம்மாவுக்கு நான்கு முறை ஏற்றிவிட்டோம். இப்போது சொன்னால் திட்டுவாரா?

கொஞ்சம் கோபப்படலாம். சொல்லிவிடுங்கள். எந்தத் தேதியில், எத்தனை கிராம், எவ்வளவு நேரம் ஏற்றினார்கள், கூட வேறு ஏதாவது கலந்தார்களா என்று ஒரு தாளில் எழுதுங்கள். காலி ஆம்பூல், அட்டைப்பெட்டி, பில் எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். ஜி-6-பி-டி பார்த்திருந்தால் அந்த ரிப்போர்ட்டையும். அடுத்த கீமோவுக்கு முன்னால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், ஹீமோகுளோபினும் பார்த்துவிடலாம். இதற்கிடையில் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ காலைவரை காத்திருக்காமல் அன்றிரவே கூட்டிப் போய்விடுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் "வைட்டமின் சி ஏற்றியிருக்கிறோம்" என்பதையே முதலில் சொல்லுங்கள்.